மூளைச் செல்கள் சாகவில்லை. ஏற்பிகள்தான் உள்ளே போயின

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் மகளுக்கு 19 வயது, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. போன ஆடியில் திடீரென்று தூக்கமில்லாமல், சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாள். காத்துக் கருப்பு என்று மந்திரித்தோம். குணசீலத்தில் தங்க வைக்கலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது வலிப்பு வந்துவிட்டது. தஞ்சாவூரில் முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்த்து ‘ஆன்ட்டி என்.எம்.டி.ஏ. ரிசெப்டர் என்செஃபலைட்டிஸ்’ என்றார்கள். ஏழு வாரம் ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டு, ஐ.வி.ஐ.ஜி., பிறகு ரிட்டுக்சிமாப் இரண்டு ஊசி. இப்போது வீட்டில் நன்றாகப் பேசுகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒன்றுகூட ஞாபகம் இல்லை. காலையில் படித்தது சாயங்காலம் மறந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பில் படித்த குறளை மட்டும் அட்சரம் பிசகாமல் சொல்கிறாள். மூளைச் செல்கள் செத்துவிட்டனவா? மாமனார் ஞாபக மறதிக்கு மெமான்டின் சாப்பிடுகிறார். ரிப்போர்ட்டில் உள்ள அதே என்.எம்.டி.ஏ.வுக்கான மாத்திரை என்று மச்சினர் செல்போனில் பார்த்துச் சொன்னார், அதைக் கொடுக்கலாமா? அஜினமோட்டோ ஆகாது, தக்காளியைக்கூட நிறுத்து என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கர்ப்பப்பை ஸ்கேன் எடுக்கச் சொன்னது ஏன்? கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று மாமியார் கோபப்படுகிறார். நன்றாகத்தானே இருக்கிறாள், இன்னொரு ஊசி வேண்டுமா? சித்திரையில் பரீட்சை எழுத முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மற்றதெல்லாம் அப்புறம். மாமனாரின் மெமான்டின் மாத்திரையை மகளுக்குக் கொடுக்க வேண்டாம். அரை மாத்திரைகூட வேண்டாம். அல்சைமர் நோய்க்கு அது முறையான மருந்து. மருத்துவர் சொன்னபடி அவர் தொடர்ந்து சாப்பிடட்டும். உங்கள் மச்சினர் படித்ததிலும் பாதி சரி: அந்த மாத்திரை வேலை செய்யும் இடம் என்.எம்.டி.ஏ. ஏற்பிதான் (ரிசெப்டர்; மூளைச் செல்லின் மேல் நின்று அடுத்த செல்லின் வேதிச் செய்தியை வாங்கும் புரதம்). ஆனால் அது அங்கே போய்ச் செய்யும் வேலை, ஏற்பியின் துளையை அடைப்பது. உங்கள் மகளுக்கு இந்த மூளை அழற்சி நோயே அந்த ஏற்பி குறைந்துபோனதால் வந்தது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் பதற வேண்டாம். நிறுத்திவிட்டு, எத்தனை நாள், எத்தனை மில்லிகிராம் என்பதை நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் வறட்டு இருமல் சிரப்புகள் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கிறது. அதுவும் இதே ஏற்பியை அடைக்கக்கூடியது. ஆகவே சளி, இருமல் வந்தால் லேபிளைப் பார்த்து, மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். மயக்க ஊசி போடும் நிலை எப்போதாவது வந்தால் இந்த நோய் வந்த விவரத்தை மயக்க மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். கெட்டமின் என்ற மயக்க மருந்தும் இந்த ஏற்பியை அடைப்பதுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. செல்கள் சாகவில்லை என்று நான் சொல்வது ஆறுதலுக்காக அல்ல. இந்த நோயை உண்டாக்குவது நோயாளியின் உடம்பே தவறாகத் தயாரிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்ட்டிபாடி). அதை ஆய்வுக்கூடத்தில் நரம்புச் செல்கள் மீது விட்டுப் பார்த்திருக்கிறார்கள். செல்கள் உயிரோடுதான் இருந்தன. கிளைகள் சுருங்கவில்லை. ஒரு செல் இன்னொரு செல்லோடு பேசும் இடமான சினாப்ஸ்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. குறைந்தது ஒன்றே ஒன்று: சினாப்ஸின் மேற்பரப்பில் நிற்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள். எதிர்ப்பொருளைக் கழுவி எடுத்துச் சில நாள் விட்டதும் அவையும் திரும்பி வந்தன.

அந்த ஏற்பி என்ன செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் மகளின் மறதி ஏன் இப்படி ஒரு தினுசாக இருக்கிறது என்பது புரியும். அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூளையில் ஒரு செல் அடுத்த செல்லை ‘எழுப்ப’ பெரும்பாலும் பயன்படுத்தும் வேதிப்பொருள் குளூட்டமேட். இரண்டு செல்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அனுப்பும் செல் குளூட்டமேட்டைச் சிறு பைகளில் வைத்திருந்து இந்த இடைவெளியில் கொட்டுகிறது. ஒரு மில்லிநொடி அளவுக்கு அங்கே செறிவு உச்சத்துக்குப் போகிறது. உடனே பக்கத்தில் உள்ள ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்கள் அதை உறிஞ்சி, குளூட்டமைனாக மாற்றி, நரம்புச் செல்லுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. கொட்டுவதும் துடைப்பதும் இவ்வளவு வேகமாக நடப்பதற்குக் காரணம் உண்டு. குளூட்டமேட் அங்கேயே தங்கினால் எதிர்ச் செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்து அதையே அழித்துவிடும்.

வாங்கும் செல்லின் சவ்வில் முக்கியமாக இரண்டு வகை ஏற்பிகள் நிற்கின்றன. ஒன்று ஆம்பா. குளூட்டமேட் வந்து ஒட்டியதும் திறக்கும், சோடியத்தை உள்ளே விடும், சில மில்லிநொடிகளில் மூடிக்கொள்ளும். அன்றாடப் பேச்சுவார்த்தை முழுக்க இதன் வழியாகத்தான். இன்னொன்று என்.எம்.டி.ஏ. இது லேசில் திறக்காது. குளூட்டமேட் ஒட்ட வேண்டும். கூடவே கிளைசின் அல்லது டி-செரின் என்ற இன்னொரு பொருளும் ஒட்ட வேண்டும். இரண்டும் ஒட்டினாலும் போதாது, ஏனென்றால் துளைக்குள் ஒரு மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. செல் ஓய்வாக, மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருக்கும்வரை அது நகராது. ஆம்பா ஏற்பிகள் வழியாகப் போதுமான சோடியம் உள்ளே வந்து செல் விழித்துக்கொண்டால்தான் மெக்னீசியம் விலகும். 1984இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. அதாவது, அனுப்பும் செல்லும் வாங்கும் செல்லும் ஒரே நேரத்தில் விழிப்போடு இருக்கும் தருணத்தில் மட்டும் என்.எம்.டி.ஏ. திறக்கிறது. ‘இது இரண்டும் சேர்ந்து நடந்தது’ என்று மூளை குறித்துக்கொள்ளும் இடம் அதுதான்.

திறந்ததும் கால்சியம் உள்ளே வருகிறது. அடுத்து நடப்பதைக் காவிரிப் படுகைக்காரர்களுக்குச் சொல்வது எளிது. வாய்க்காலில் தண்ணீரைக் கூட்டவும் குறைக்கவும் நாம் ஷட்டரை ஏற்றி இறக்குகிறோம். மதகுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. சினாப்ஸிலோ மதகுகளையே கூடுதலாகக் கொண்டுவந்து நிறுத்துவதும், வேண்டாதவற்றைப் பெயர்த்து எடுப்பதுமாக நாள் முழுக்க வேலை நடக்கிறது. கால்சியம் திடுதிப்பென்று நிறைய வந்தால் காம்-கைனேஸ் என்னும் நொதி முடுக்கப்பட்டு, கூடுதல் ஆம்பா ஏற்பிகள் சினாப்ஸில் நங்கூரம் இடப்படுகின்றன. அந்த இணைப்பு வலுக்கிறது. கால்சியம் கொஞ்சமாக, நெடுநேரம் கசிந்தால் கால்சிநியூரின் என்ற வேறு நொதி முந்திக்கொள்கிறது. ஆம்பா ஏற்பிகள் சவ்வோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்பட்டு இணைப்பு தளர்கிறது. ஒரே கால்சியம்தான். அளவும் வேகமும் மாறினால் பலனும் தலைகீழாகிறது. முயலின் மூளையில் இணைப்பு வலுப்பது மணிக்கணக்கில் நீடிப்பதை பிளிஸ், லோமோ என்ற இருவர் 1973இல் காட்டினார்கள். நாம் படிப்பது மனத்தில் பதிவதற்கு அடிப்படை இந்த மாற்றம் என்று இன்றைக்கு நரம்பியல் கருதுகிறது.

ஏற்பிகள் ஆணி அடித்து நிறுத்தியவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவை சவ்வில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. சினாப்ஸுக்குள் வந்ததும் பி.எஸ்.டி-95 போன்ற தாங்கு புரதங்கள் பிடித்து நிறுத்துகின்றன. என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எஃப்.பி-2 என்ற இன்னொரு புரதமும் பக்கத்துணை. பழையது உள்ளே போவதும், அதில் ஒரு பங்கு திரும்ப மேலே வருவதும், மீதி சிதைக்கப்படுவதும், அதன் இடத்துக்குப் புதியது தயாராவதும் ஆரோக்கியமான மூளையில் எப்போதும் நடப்பது. இந்த ஏற்பிகளின் ஆயுள் நாள் கணக்கில்தான். உங்கள் மகளுக்கு நம்பிக்கை தருவதும் இதுதான். அழிந்தது மறுபடி உண்டாகாத ஒரு பொருள் அல்ல; எப்படியும் நாள்தோறும் புதிதாக வந்துகொண்டிருப்பது.

சரி, நோய் எங்கே குறுக்கிட்டது? உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் இந்த ஏற்பியின் குளூஎன்-1 என்ற பகுதிக்கு எதிராக ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளைத் தயாரித்துவிட்டது. ஐ.ஜி.ஜி.க்கு இரண்டு கைகள். ஒரு கை ஓர் ஏற்பியையும் மறு கை பக்கத்து ஏற்பியையும் பிடித்து இரண்டையும் பிணைத்துவிடும். பிணைபட்ட ஏற்பிகள் தாங்கு புரதத்தின் பிடியிலிருந்து நழுவுகின்றன. செல் அவற்றைக் கழிவு என்று எண்ணி உள்ளே இழுத்துவிடுகிறது. ஆய்வில் எதிர்ப்பொருளை வெட்டி ஒற்றைக் கைத் துண்டாக விட்டபோது அது ஏற்பியில் ஒட்டியது, ஆனால் ஏற்பி உள்ளே போகவில்லை. ஆகப் பிணைப்புதான் கெடுதல். இது சில மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அரைநாளில் மேற்பரப்பு பெரும் பகுதி காலி. அதே செல்லில் ஆம்பா ஏற்பிகள் அப்படியே நிற்கின்றன.

‘எழுப்பும்’ ஏற்பி குறைந்தால் பெண் மந்தமாகத்தானே ஆகியிருக்க வேண்டும், ஏன் இரவெல்லாம் கத்தினாள் என்று நீங்கள் கேட்கலாம். மற்றச் செல்களை அடக்கி வைக்கும் செல்களும் வேலை செய்ய இந்த ஏற்பியை நம்பியிருக்கின்றன. அவை முதலில் ஓய்ந்துவிடுவதால் அடக்குவாரில்லாமல் மற்றவை தாறுமாறாக இயங்குகின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தூக்கமின்மை, பயம், பிதற்றல், வலிப்பு, வாயைக் கோணிக்கோணி அசைப்பது, பிறகு பேச்சே நின்று கல்லாகச் சமைவது, மூச்சும் நாடித்துடிப்பும் தடுமாறுவது என்று நோய் படிப்படியாக இறங்குவதும் அதனால்தான். காத்துக் கருப்பு என்று நீங்கள் எண்ணியதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். இந்த நோய்க்கு மருத்துவ உலகமே 2007இல்தான் பெயர் வைத்தது. யோசப் டால்மாவும் அவருடன் பணியாற்றியவர்களும் அப்போது விவரித்த 12 பெண்களில் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றியதும் மனநோய் போன்ற குறிகள்தான். ஆனால் உங்கள் ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இளம் வயதில், இதற்குமுன் மனநலக் குறை எதுவும் இல்லாதவருக்கு, ஓரிரு வாரத்துக்குள் நடத்தை மாறி, கூடவே வலிப்போ வாய்க் கோணலோ பேச்சுக் குறைவோ காய்ச்சலோ இருந்தால் கோயிலுக்குப் போவதோடு அன்றைக்கே நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நன்றாகத் தேறுகிறார்கள்.

ஏற்பி நாள் கணக்கில் திரும்பும் என்றால் உங்கள் மகளுக்கு ஏன் மாதக் கணக்காகிறது? இரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஐ.வி.ஐ.ஜி.யும் (பிறர் இரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றும் எதிர்ப்பொருள்) ஸ்டீராய்டும் அதைக் குறைத்தாலும், மூளையைச் சுற்றியுள்ள நீரிலேயே குடியேறிவிட்ட பிளாஸ்மா செல்கள் அங்கேயே எதிர்ப்பொருளைத் தயாரித்துக்கொண்டிருக்கும். முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பரிசோதித்ததற்கும் இதுவே காரணம். இரத்தத்தில் மட்டும் பார்த்தால் சிலருக்குத் தவறிவிடும். ரிட்டுக்சிமாப், பிளாஸ்மா செல்களாக முதிரக்கூடிய பி-செல்களை அழிக்கிறது. ஆனால் எதிர்ப்பொருளைச் சுரக்கும் முதிர்ந்த பிளாஸ்மா செல்களின் மேல் அந்த மருந்து பிடிக்கும் அடையாளம் இல்லை. அவை தம் ஆயுள் முடிந்து ஓயும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவற்றுக்கு வாரிசு வராமல் ரிட்டுக்சிமாப் பார்த்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள் அடங்கி, ஏற்பிகள் திரும்பி, அதன்பிறகு இணைப்புகள் ஒவ்வொன்றாகப் பழைய வலுவுக்கு வர வேண்டும். 2013இல் வெளிவந்த 577 நோயாளிகளின் ஆய்வில், 24 மாதம்வரை பார்க்கப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். நோய் தொடங்கி ஒன்றரை ஆண்டுவரை முன்னேற்றம் தொடர்ந்தது. உங்கள் மகளுக்கு இன்னும் ஓராண்டுகூட ஆகவில்லை. இப்போதைய நிலையே முடிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது அந்தக் குறளுக்கு வருவோம். ஆறாம் வகுப்பில் அவள் படித்தபோது என்.எம்.டி.ஏ. வழியாகப் பதிவு நடந்து, ஆம்பா ஏற்பிகளாக, உறுதியான இணைப்புகளாக அது நிலைத்துவிட்டது. எதிர்ப்பொருள் ஆம்பாவைத் தொடவில்லை. அதனால் குறள் பத்திரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களிலோ பதிவு செய்யும் ஏற்பியே காலி. அந்த நாட்கள் மறந்துபோகவில்லை, எழுதப்படவே இல்லை. ஆகவே அவை திரும்பவும் வராது. ‘யோசி, அன்னிக்கு உன் அத்தை வந்தாங்களே’ என்று கேட்டுக்கேட்டு அவளை வாட்டாதீர்கள். அவள் விரும்பிக் கேட்டால் மட்டும், நடந்ததை வரிசையாக, பயமுறுத்தாமல் சொல்லுங்கள். காலையில் படித்தது மாலையில் நழுவுவது வேறு கதை. பதிவு செய்யும் வழி திறந்துகொண்டிருக்கிறது, முழு அளவுக்கு வரவில்லை. அது சீராகும்.

அதுவரை படிப்பை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அமர்வு 20 நிமிடம், பிறகு 10 நிமிடம் ஓய்வு. காலையில் மூன்று அமர்வு போதும். ஒரு நாளில் ஒரே பாடம். படித்த பக்கத்தை மூடிவிட்டு, நினைவுக்கு வந்ததைத் தன் சொந்த வாக்கியத்தில் நோட்டில் எழுதட்டும். அதையே அன்று மாலை, மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே திரும்பப் பார்க்கட்டும். மறுபடி மறுபடி வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எடுப்பதுதான் இணைப்பை வலுவாக்கும். இரவு எட்டு மணி நேரத் தூக்கத்தில் கைவைக்காதீர்கள். பகலில் பதிந்தது உறுதிப்படுவது பெருமளவு தூக்கத்தில்தான். தேறும் காலத்தில் அதிகம் தூங்குவது, சட்டென்று கோபப்படுவது, குழந்தைபோலப் பேசுவது, பசி கூடுவது எல்லாம் இந்த நோயில் காணப்படுபவை. திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வல்லாரைத் துவையல் தாராளமாக அரைத்துக் கொடுங்கள், அது உணவு. லேகியம், மாத்திரை, ‘எதிர்ப்புச் சக்தி கூட்டும்’ சூரணம் எதுவும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். எதிர்ப்பு மண்டலத்தை அமைதிப்படுத்த நாம் பாடுபடுகிறோம். அதைக் கிளப்பிவிடுவது இப்போது வேண்டாத வேலை.

ஸ்கேன் விஷயத்தில் உங்கள் மாமியாரின் கவலை எனக்குப் புரிகிறது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். சில பெண்களுக்குச் சூலகத்தில் (கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் உள்ள, கருமுட்டை உண்டாகும் உறுப்பு) டெரட்டோமா என்ற கட்டி இருக்கும். அதில் முடி, பல், தோல் இருப்பதுபோல நரம்புத் திசுவும் இருக்கலாம். அந்தத் திசுவின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை உடம்பு அந்நியம் என்று எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்க, அது மூளையையும் தாக்குகிறது. நான் மேலே சொன்ன 577 பேரில் 38 விழுக்காட்டினருக்குக் கட்டி இருந்தது. அவர்களில் ஏறக்குறைய எல்லாருமே பெண்கள். கட்டி இருந்து அதை எடுக்காமல் விட்டால் எந்த ஊசியும் முழுப் பலன் தராது. முதல் ஸ்கேனில் தெரியாத சிறு கட்டி பின்னால் தெரியலாம் என்பதால்தான் குறைந்தது இரண்டு ஆண்டு, சில மருத்துவர்கள் நான்கு ஆண்டுவரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். கல்யாணம் ஆகாத பெண்களுக்கு அடிவயிற்றின் மேல் வைத்துத்தான் எடுப்பார்கள், உள்பரிசோதனை கிடையாது. போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் போக வேண்டும். நீர்ப்பை நிறைந்திருந்தால்தான் சூலகம் தெளிவாகத் தெரியும். பஸ்ஸில் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிறவர்கள் வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பி வழியில் தவிப்பார்கள். பாட்டிலை எடுத்துப்போய் ஸ்கேன் சென்டரில் டோக்கன் வாங்கியபிறகு குடிக்கச் சொல்லுங்கள். ‘சூலகக் கட்டி தேடுகிறோம், என்.எம்.டி.ஏ. நோய்’ என்று சீட்டில் எழுதி வாங்கிப் போங்கள். இல்லையென்றால் பொதுவான வயிற்று ஸ்கேனாக முடித்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ.

இன்னொரு ரிட்டுக்சிமாப் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஊசி போட்டு ஆறு முதல் ஒன்பது மாதத்தில் பி-செல்கள் திரும்பத் தொடங்கும். முதல் தடவை நோய் வந்து, நன்றாகத் தேறிவருபவருக்கு நிறுத்திப் பார்க்கலாம் என்பவரும் உண்டு; நோய் கடுமையாக இருந்தவருக்கு இன்னொரு சுற்று நல்லது என்பவரும் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் ஏறக்குறைய 12 விழுக்காட்டினருக்கு நோய் திரும்புவதால் உங்கள் மகள் ஏழு வாரம் படுத்திருந்த தீவிரத்தைப் பார்த்தால் மருத்துவர் இன்னொரு ஊசி கேட்பது நியாயமாகவே படுகிறது. ‘நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்பது வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. சி.டி-19 எண்ணிக்கை (பி-செல்களின் அளவு) என்ன, ஹெபடைட்டிஸ் பி சோதனை செய்தாயிற்றா, ஐ.ஜி.ஜி. அளவு குறைந்திருக்கிறதா என்று மூன்றையும் கேட்டு முடிவெடுங்கள். ஹெபடைட்டிஸ் பி உடம்பில் ஒளிந்திருந்தால் இந்த ஊசி அதைக் கிளப்பிவிடும், அது முக்கியம். செலவுக்கு, உள்நாட்டில் தயாராகும் பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்த) ரகம் விலை குறைவு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

உணவு பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அஜினமோட்டோவில் இருப்பதும் குளூட்டமேட்தான். 1908இல் ஜப்பானின் இக்கேதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த பயம் இது. தின்னும் குளூட்டமேட்டின் பெரும் பகுதியைக் குடல் சுவரே எரிபொருளாக எரித்துவிடுகிறது. மீதியையும் இரத்த-மூளைத் தடுப்பு எளிதில் விடாது. மூளை தனக்கு வேண்டிய குளூட்டமேட்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தக்காளியை நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலிலேயே குளூட்டமேட் தாராளமாக இருக்கிறது. நீங்கள் உண்மையில் குறைக்க வேண்டியது உப்பு. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்வரை ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தெரு ஃபிரைடு ரைஸ் எல்லாம் உடம்பில் நீரைத் தேக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். மாத்திரையைக் காலை உணவுக்குப் பிறகு கொடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த படிநிலைப்படிதான் குறைக்க வேண்டும். மாதம் ஒரு முறை சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள்.

வயல் சார்ந்த ஒன்றை ஆஸ்பத்திரியில் சொல்ல மறந்திருக்கலாம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற சிறு புழு தோல் வழியே ஏறிப் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் அது பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். மகள் நடவுக்கோ களையெடுக்கவோ இறங்கியிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி மலப் பரிசோதனையும் புழு மருந்தும் பற்றிக் கேளுங்கள். கொஞ்ச நாளைக்கு வரப்பில்கூடச் செருப்போடு நடக்கட்டும்.

வலிப்பு வந்தவர் என்பதால் குளம், ஆறு, வாய்க்கால், பம்புசெட் தொட்டி எதிலும் தனியாகக் குளிக்கக் கூடாது. வீட்டில் குளித்தாலும் உள்தாழ் போடாமல் இருக்கட்டும். விறகு அடுப்பு முன்னால் தனியாக நிற்க விடாதீர்கள். ஸ்கூட்டி ஓட்டுவதை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நிறுத்துங்கள். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட வேண்டாம். திருவிழா, கல்யாணம் என்று வெளியூர் போகும்போதுதான் தவறும்.

தொடர்ந்து இரண்டு இரவு தூக்கமில்லாமை, பேச்சு குறைதல், புதிதாகப் பயம் அல்லது சந்தேகம், வாய் அசைவு, வலிப்பு இவற்றில் எது தோன்றினாலும் அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள். மனக்குழப்பத்துக்கு என்று யாராவது வேறு இடத்தில் ஹாலோபெரிடால் போன்ற ஊசி போட முனைந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். இந்த நோயாளிகளில் சிலருக்கு அந்த வகை மருந்துகள் உடம்பை விறைக்கச் செய்து காய்ச்சலையும் கூட்டிவிடும். சம்மரியைப் படம் பிடித்து வீட்டில் உள்ள எல்லாருடைய போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை. சித்திரையில் எல்லாத் தாள்களையும் எழுத வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு தாள் எழுதட்டும். அவளுக்குப் பிடித்ததாக, மனப்பாடம் குறைவாக உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். மீதியை அடுத்த செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளலாம். நரம்பியல் மருத்துவரிடம் சான்று வாங்கி, வருகைப் பதிவுக் குறைவுக்கும் கூடுதல் நேரத்துக்கும் கல்லூரி முதல்வரிடம் இப்போதே மனு கொடுங்கள். பரீட்சை நெருக்கத்தில் போனால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் பதில் வாங்க நேரம் இருக்காது. சான்றில் நோயின் பெயரோடு ‘தேறிவருகிறார், நினைவாற்றல் தற்காலிகமாகக் குறைந்துள்ளது’ என்ற வரியும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். மனநோய் என்று மட்டும் எழுதி வாங்கிவிட்டால் பின்னால் திருத்துவது சிரமம்.